சேலத்திலிருந்து ஏற்காடு: எதில் ஏறுவது, மேலே எதில் சுற்றுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு அஸ்தம்பட்டியில் இருக்கிறது. சேலம் ஊருக்குள்ளிருந்து ஏற்காடு போகிற வண்டிகள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். அதனால் சித்தப்பா பிள்ளைகள் முதல் சித்தப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வரை, மலைக்குக் கிளம்புகிற எல்லாருக்கும் நான்தான் விசாரணைக் கவுண்டர். ஏப்ரல் கடைசியில் அடிக்கத் தொடங்கும் போன் ஜூனில்தான் ஓயும். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

பஸ்ஸா, காரா, பைக்கா? எதில் போவது நல்லது?

எல்லாரும் மலை ஏறுவதற்கு எது நல்லது என்றுதான் கேட்கிறார்கள். ஏறுவது ஒரு மணி நேரம், கூட்டமாக இருந்தால் ஒன்றரை மணி நேரம். மிச்ச நாள் முழுக்க மேலேதான் கழியப் போகிறது. அதனால் மேலே எதையெல்லாம் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வண்டி எது என்பது அதிலிருந்து தானாக வந்துவிடும்.

பஸ் உங்களை ஏரிக்கு நடக்கிற தூரத்தில் இறக்கிவிடும். ஏரி, படகுத்துறை, அண்ணா பூங்கா மட்டும் போதும், சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம் என்றால் பஸ்ஸை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் லேடீஸ் சீட் ஏரியிலிருந்து சுமார் 2 கி.மீ., பகோடா பாயிண்ட் 4, 5 கி.மீ., சேர்வராயன் கோயில் அதற்கும் கொஞ்சம் மேலே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். ஒரே ரோட்டில் வரிசையாக அமைந்த ஊர் இல்லை இது. இதையெல்லாம் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால் மேலே கையில் ஒரு வண்டி இருந்தாக வேண்டும். அது சொந்த வண்டியாக இருக்கலாம், மேலே போய்ப் பேசிக்கொள்ளும் வண்டியாகவும் இருக்கலாம். பஸ்ஸில் ஏறி, மேலே வாடகைக் கார் பேசி, திரும்ப பஸ்ஸிலேயே இறங்குவதுதான் நான்கு பேர் குடும்பத்துக்கு நான் எப்போதும் சொல்லும் வழி. கேட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டு எல்லாரும் காரில்தான் வருகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ரயிலில் வருகிறோம். எங்கே இறங்குவது?

சேலம் ஜங்ஷன். அது சூரமங்கலத்தில் இருக்கிறது. சேலம் டவுன், சேலம் மார்க்கெட் என்று இன்னும் இரண்டு ஸ்டேஷன் உண்டு. டிக்கெட்டில் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை-கோவை தடத்தில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ஜங்ஷனில் நிற்கும். 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை-கோவை வந்தே பாரத்தும் நிற்கிறது.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒரு ரயில் இருக்கிறதே, அது நேராக மலைக்குப் போகுமா என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார். போகாது. சென்னையிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் இரவு வண்டி அது. பெயர் மட்டும்தான் ஏற்காடு. ஊட்டிக்கு இருப்பது போல இங்கே மலை ரயில் கிடையாது. அந்த வண்டியில் வந்தால் விடிவதற்கு முன்பே ஜங்ஷனில் இறங்கிவிடுவீர்கள். அவசரப்பட்டு ஆட்டோ பிடிக்காமல், டீ குடித்துவிட்டு வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் மலைப்பாதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஏறலாம்.

விமானத்தில்?

சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. சில காலம் நின்றிருந்த சேவை 2023 அக்டோபரில் உடான் திட்டத்தில் மறுபடி தொடங்கியது. பெரிய விமான நிலையம் என்று நினைத்து வராதீர்கள். ஒரு நாளில் வந்து போகும் விமானங்களை விரல் விட்டு எண்ணலாம். வெளியே வந்தால் வரிசையாக டாக்ஸி நிற்கும் என்று நம்பாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டா, புது பஸ் ஸ்டாண்டா?

ஏற்காட்டுக்குப் புது பஸ் ஸ்டாண்ட். போர்டில் எம்.ஜி.ஆர். பெயரோடு மத்திய பேருந்து நிலையம் என்று இருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம், கடைவீதியை ஒட்டி இருக்கிறது. டவுன் பஸ்களுக்கு அதுதான் மையம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்து ஈரடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். ஜங்ஷனிலிருந்து இரண்டுக்குமே டவுன் பஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் காசு கிடையாது, வெளியூர்க்காரர்களாக இருந்தாலும் அப்படித்தான். எது சாதாரணக் கட்டணப் பஸ் என்று போர்டைப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பஸ்ஸில் மலை ஏறுவது பயமாக இருக்காதா?

முதல் தடவை இருக்கும். அடிவாரத்தில் தொடங்கி மேலே போய்ச் சேர்வதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை வைத்திருக்கிறார்கள், குழந்தைகள் சத்தமாக எண்ணிக்கொண்டு வருவார்கள்.

போன மாதம் நான் ஏறியதைச் சொல்கிறேன். கோரிமேடு தாண்டி, அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி, முதல் சில வளைவுகள் வரை எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வளைவில் டிரைவர் ஹாரனை நீட்டி அடித்து, பஸ்ஸை வெளி ஓரம் வரை அகலமாக எடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் சுற்றத் தொடங்கினார். அதே நேரத்தில் மேலிருந்து வந்த கார் ஒன்று வளைவின் நடுவில் மூக்கை நீட்டிவிட்டது. பஸ் நின்றது. பின்னால் ஏழெட்டு வண்டி. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே இறங்கிப் போய், கார்க்காரரைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கையை மட்டும் ஆட்டி ஆட்டி இரண்டு வண்டி நீளம் பின்னுக்கு அனுப்பினார். திரும்பி ஏறி இரண்டு விசில். இதற்கெல்லாம் நடுவில் முன்சீட்டில் இருந்த பாட்டி, மடியில் ரேஷன் பையை வைத்தபடி, “சன்னலச் சாத்து தம்பி, காத்து சில்லுனு அடிக்குது” என்றார். அவருக்கு அது வாரா வாரம் போய்வருகிற வழி. மலையில் ஊர்கள் நிறைய இருக்கின்றன, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அவர்கள் நம்பியிருப்பது இந்த பஸ்ஸைத்தான். சுற்றுலா வருகிறவர்கள் அவர்களோடு ஒரு சீட்டைப் பகிர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

பாதி மலையில் காது லேசாக அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். அதற்கு மேல் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் கீழே காப்பிச் செடியும் வந்துவிட்டால் காற்றே வேறு மாதிரி இருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அப்போது மேலே போகக் குதிரையும் டோலியும்தான்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரல் கடைசியில் மலையிலிருந்து இறங்கிய தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போயின. நிற்கவே இடமில்லாத பஸ்ஸில், அதுவும் இறங்கும்போது, ஏறாதீர்கள். அரை மணி நேரம் காத்திருந்தால் அடுத்த பஸ் வரும்.

எனக்கு வாந்தி வரும். என்ன செய்வது?

முன்பக்கச் சீட்டைப் பிடியுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சீட்டுகள் ஒவ்வொரு வளைவிலும் வீசி அடிக்கும். போனைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்வதால்தான் குமட்டல் வருகிறது. ரோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். காலையில் பூரி, பொங்கல் என்று வயிறு முட்டத் தின்னாமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். வெறும் வயிறும் கூடாது. மாத்திரை போடுகிறவர்கள் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பலன் இல்லை. அது தூக்கம் வரவைக்கும், வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்ப்பது எங்கள் அம்மாவுக்கு வேலை செய்கிறது, எனக்குச் செய்யவில்லை.

சொந்தக் காரில் வருகிறோம். மலைப்பாதையில் எதைக் கவனிக்க வேண்டும்?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது சொச்சம் கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிறீர்கள். இன்று வருகிற எந்தக் காரும் ஏறிவிடும். பிரச்சினை ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான்.

இறங்கும்போது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. பிரேக் சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டாவது கியரில் விட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக் காராக இருந்தாலும் ‘எல்’ அல்லது மேனுவல் நிலை இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு மலை ஏறுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. குறுகலான இடத்தில் எதிரே பஸ் ஏறி வந்தால் இறங்குகிற நீங்கள் நின்று வழிவிட வேண்டும். வளைவுக்கு முன் நின்றுவிடுங்கள், வளைவுக்குள் போய் நிற்காதீர்கள். மேலே சொன்ன கார்க்காரர் செய்தது அதைத்தான்.

டேங்கைச் சேலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வளைவில் நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் குரங்குகள் ரோட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. மாலை மங்கிவிட்டால் காட்டுமாடு குறுக்கே வரலாம். ஒன்று தாண்டினால் பின்னால் இன்னும் வரும் என்று வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

குப்பனூர் வழி என்கிறார்களே, அது என்ன?

மலைக்கு இரண்டாவது பாதை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக, கொட்டச்சேடு, வாழவந்தி பக்கமாக ஏறும். சென்னையிலிருந்து ஆத்தூர், வாழப்பாடி வழியாகக் காரில் வருகிறவர்களுக்கு வசதி. சேலம் நகரத்துக்குள் நுழைந்து சிக்னலில் நிற்க வேண்டாம். கூட்டமும் குறைவு. ஆனால் சில இடங்களில் குறுகலாக இருக்கும், கடைகள் அதிகம் இல்லை. மலை ஓட்டிப் பழக்கமில்லாதவர்களை முதல் தடவை அடிவாரம் வழியாகத்தான் ஏறச் சொல்வேன்.

கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்க வேண்டும் என்று போலீஸ் ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவது உண்டு. அப்போது மேப் சொல்வதைக் கேட்காமல் போலீஸ்காரர் கை காட்டுவதைக் கேளுங்கள். மண் சரிவில் ஒரு பாதை அடைபட்டால் மற்றொன்றுதான் ஊருக்கே வாசல்.

ஸ்கூட்டரில் போகலாமா?

போகலாம், பலரும் போகிறார்கள். என் மச்சானும் போனார். கியர் இல்லாத ஸ்கூட்டர், பின்னால் என் தங்கை, காலுக்கு நடுவில் பை. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது மழை தூறியது என்று பயந்து இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே வந்திருக்கிறார். பாதி மலை தாண்டியதும் ஏதோ கருகும் வாடை. முன்னால் போகிற லாரி என்று நினைத்திருக்கிறார். அடுத்த வளைவில் லீவரை அழுத்தினால் கைப்பிடியை வந்து தொடுகிறது, வண்டி நிற்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, மண் குவியல் பக்கம் ஒதுக்கி ஒருவழியாக நிறுத்தினார். சக்கரத்தின் நடுப்பகுதியில் மழைத்துளி விழுந்து சுர்ரென்று ஆவி வந்தது என்று தங்கை இன்றும் சொல்வாள். அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தி ஆறவிட்ட பிறகு பிரேக் பழையபடி பிடித்தது. அதன் பிறகு இரண்டு வளைவுக்கு ஒரு தடவை நின்று நின்று இறங்கி, எங்கள் வீட்டுக்கு வரும்போது இரவு எட்டு மணி.

கியர் பைக்கில் இஞ்சின் பிடிமானம் நன்றாகக் கிடைக்கும், ஸ்கூட்டரில் அது குறைவு. வித்தியாசம் அவ்வளவுதான். ஸ்கூட்டரில்தான் போவேன் என்றால் ஒருவர் மட்டும், பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி இறங்குங்கள். இருவருமே ஹெல்மெட் போட வேண்டும், அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

வாடகைக்கு பைக்கோ காரோ எடுத்தால்?

நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டிரைவரோடு வரும் டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது யாரோ ஒருவரின் சொந்த வண்டி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். குறைந்த வாடகை என்று அதை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். எடுப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வைத்தால், கீறல் யார் போட்டது என்ற தகராறு வராது.

டாக்ஸி பேசும்போது எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

ஒரு நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், ஹில்ஸ் சார்ஜ் தனியா, டிரைவர் பேட்டா தனியா, பார்க்கிங் யார் கொடுப்பது. ஐந்தையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிட்டால் முடிந்தது. போனில் புக் செய்யும் கால் டாக்ஸியில் ஏற்காட்டுக்குப் போக மட்டும் பேசுவது லாபம் போலத் தெரியும். திரும்பி வர மேலே அதே ஆப்பில் வண்டி கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். போக வரப் பேசிக்கொள்ளுங்கள். சேலம் ஊருக்குள் ஆட்டோவுக்கு மீட்டரைத் தேடாமல் ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிவிடுவதுதான் வழக்கம்.

மேலே போய்விட்டோம், கையில் வண்டி இல்லை. எப்படிச் சுற்றுவது?

ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே கார், வேன்காரர்கள் வந்து “எத்தனை பாயிண்ட் சார்?” என்பார்கள். பாயிண்ட் என்றால் பார்க்க வேண்டிய ஒரு இடம். இங்கேதான் ஏமாறுவது. பட்டியலில் எண்ணிக்கையைக் கூட்ட லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்று பக்கத்திலேயே இருப்பதைத் தனித்தனியாக எண்ணிவிடுவார்கள். அதனால் எண்ணிக்கையைப் பேசாமல், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், லேடீஸ் சீட் என்று நீங்களே பெயர் சொல்லி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பார் என்றும் கேட்டுப் பேசுங்கள். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வேன் எடுத்தால் பங்கு குறையும். ஆனால் அவர்கள் வீட்டுச் சின்னப் பையனுக்கு ஒன்றுக்கு வரும்போதெல்லாம் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும்.

சேர்வராயன் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். மலையின் உச்சிப் பகுதி, 5,326 அடி. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். கோயில் வரை கார் போகும். மே மாதத் திருவிழாவில் மலை ஊர்கள் எல்லாம் அங்கே கூடும்போது மட்டும் தூரத்திலேயே வண்டியை விட்டு நடக்க வேண்டும்.

நேரம் இருந்தால் ஏரியில் தொடங்கி காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சுற்றி வரும் சுமார் 32 கி.மீ. சுற்றுப்பாதையில் ஒரு தடவை போய் வாருங்கள். அதில் பாயிண்ட் என்று ஒன்றும் கிடையாது. அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

நடந்தே பார்க்க முடியுமா?

ஏரியைச் சுற்றி, அண்ணா பூங்கா, அப்படியே லேடீஸ் சீட் வரை நடக்கலாம். லேடீஸ் சீட்டில் மாலை ஆறரைக்கு மேல் சேலம் நகரம் விளக்குப் போட்டுக்கொள்வதைப் பார்க்க நடந்து போவது தகும். திரும்ப டார்ச் வேண்டும். கிளியூர் அருவிக்குக் கடைசித் துண்டு எப்படியும் நடைதான். இறங்குவது செங்குத்து, ஏறி வருவது அதைவிடக் கஷ்டம். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அருவிக்குப் போகிறது, ஆகவே ஏப்ரல், மே மாதத்தில் மழை பெய்யாமல் இருந்தால் அங்கே பார்க்கப் பாறைதான் இருக்கும். பலர் அந்த வெயிலில் இறங்கிப் போய் என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

வயதானவர்களோடு வருகிறோம்.

கார்தான். பஸ் படிக்கட்டு உயரம், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய சோதனை. பகோடா பாயிண்டில் கார் நிற்கும் இடத்திலிருந்து அதிகம் நடக்க வேண்டாம். கிளியூரை விட்டுவிடுங்கள். குகைக் கோயிலில் குனிய முடியாதவர்கள் வாசலிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம், மைதானம் போல விரிந்த இடம், காற்று நன்றாக வரும்.

மின்சாரக் கார் தாங்குமா?

தாங்கும். 1,600 கிலோ எடையுள்ள கார் இந்த உயரத்துக்கு ஏறுவதற்கு மட்டும் ஐந்து யூனிட்டுக்கு மேல் செலவாகும். ஓடுகிற தூரத்துக்கான செலவு தனி. மீட்டரில் ரேஞ்ச் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பதறாதீர்கள், இறங்கும்போது அதில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்ப வந்துவிடும். சேலத்தில் முக்கால் பங்குக்கு மேல் சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறினால் போதும். மேலே முழுதாக நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடம் இருக்காது, பிரேக்குக்குத்தான் வேலை கூடும்.

இ-பாஸ் வேண்டுமா?

2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்று வந்த உயர் நீதிமன்ற உத்தரவு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான். ஆனால் பிளாஸ்டிக் கேரி பேக், பிளாஸ்டிக் டம்ளர், தட்டு தமிழ்நாடு முழுக்க 2019 முதல் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கில் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

எந்த நாளில் கூட்டம் இருக்காது?

செவ்வாய், புதன். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலும் ஏரி ரோட்டிலும் வண்டிகள் நகராது. பகலுக்குள் பார்த்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள், ஐந்து மணிக்கு எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள். கோடை விழா மே மாதம்; பூக் கண்காட்சி பார்க்க வேண்டும் என்றால் காரைக் கீழேயே விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். பார்க்கிங் தேடுகிற ஒரு மணி நேரம் மிச்சம்.

மழை, மூடுபனி?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீம் போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. கனமழை எச்சரிக்கை இருந்தால் ரூம் புக் செய்த பணம் போனால் போகிறது என்று விட்டுவிடுங்கள்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

நேரம் மாறும். மேலே இறங்கியவுடன் முதல் வேலையாக பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கேட்டு, அவர் சொல்லும் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸை உங்கள் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு தவிர சேலத்தைச் சுற்றி எதில் போகலாம்?

இங்கே பஸ் போதும். மேட்டூர் அணைக்கு ஓமலூர், மேச்சேரி வழியாகச் சுமார் 50 கி.மீ., பஸ்கள் வந்துகொண்டே இருக்கும்; இறங்கினால் பூங்கா, வறுத்த மீன் கடைகள் எல்லாம் ஒரே இடத்தில். ஆத்தூர் பஸ்ஸில் ஏறினால் வாழப்பாடி தாண்டி புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன். 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. ரோட்டிலிருந்தே தெரியும், தவறவிடவே முடியாது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் சிற்பங்களுக்காக ஒரு அரை நாள் ஒதுக்கலாம், அதற்கும் பஸ் உண்டு. குழந்தைகள் மலை வேண்டாம் என்று அடம் பிடித்தால் அடிவாரத்துக்குப் பக்கத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. அதற்கு மட்டும் ஆட்டோ சுலபம்.

இறங்கி வந்ததும் நல்ல பசி. எங்கே நிறுத்துவது?

நேராக வீட்டுக்கு வாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரி முறைக்கிறாள். சாயங்காலம் ஆனதும் அஸ்தம்பட்டியிலிருந்து ஊருக்குள் தள்ளுவண்டிகளில் தட்டுவடை செட் கிடைக்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. வண்டியை ரோட்டில் நிறுத்தாமல் சந்துக்குள் ஒதுக்கி நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள், பின்னால் ஏற்காடு பஸ் வந்துகொண்டிருக்கும்.